அக்கா வீட்டுப் பிரதி

"வீட்டில் ரெய்டு போட்டிருக்கிறேன்" என்று தொலைபேசியில் சொன்னதும் பாளையங்கோட்டையில் இருக்கும் அக்கா பதறிவிட்டாள். "உங்க வீட்லயா? எடுத்துட்டுப் போக அங்க என்னட்டி இருக்கு?" என்றாள். வருமான வரிக்காரர்கள் யாரும் தில்லியில் என் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. பல ஹார்ட் டிஸ்க்குகளைப் பிணைத்து ஒரே டிஸ்க் போல இயங்க வைக்கும் ஏற்பாட்டுக்கு அப்படிப் பெயர் என்று விளக்கினேன். "வேற பேரே கிடைக்கலையாக்கும்?" என்றாள்.

பெயர் வைத்தவர்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்ற மூவர். விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பல சிறிய டிஸ்க்குகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று 1988இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டார்கள். எண்ணிக்கை கூடினால் பழுதும் கூடும். எனவே ஒன்று செத்தாலும் தகவல் சாகாதபடி கொஞ்சம் இடத்தை உபரியாக ஒதுக்க வழி சொன்னார்கள்.

தமிழ் எம்.ஏ. படித்து, மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கு இந்த வேலை எதற்கு? 2019 மே மாதம், தில்லி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மதியம், என் கம்ப்யூட்டரின் ஒரே டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிட்டது. எட்டு மாதமாக மொழிபெயர்த்த ஒரு இந்தி நாவல் அதோடு போயிற்று. மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். முதல் முறை சில வாக்கியங்கள் நன்றாக விழுந்தன என்பது மட்டும் நினைவில் இருந்தது. வாக்கியங்கள் நினைவில் இல்லை.

நாவலை இன்னொரு முறை எழுதலாம். அம்மாவை இன்னொரு முறை பேச வைக்க முடியாது. 2015 கோடையில் அம்மா தன் கதையைச் சொல்லச் சொல்லப் பதினோரு மணி நேரம் பதிவு செய்திருந்தேன். அடுத்த ஆண்டு அவள் இல்லை. அந்தப் பதிவுகள் ரெக்கார்டரின் மெமரி கார்டிலேயே கிடந்ததால் தப்பின. அந்தப் பயம்தான் என்னை நேரு பிளேஸ் மார்க்கெட்டுக்கு இழுத்துச் சென்றது.

2 டெராபைட் டிஸ்க்குகள் நான்கு கேட்டேன். கடைக்காரர் அனுபவஸ்தர். நான்கையும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. "ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே சாகக்கூடும், மேடம்" என்று இந்தியில் சொல்லி, வெவ்வேறு சமயங்களில் வந்த சரக்கிலிருந்து பொறுக்கிக் கொடுத்தார்.

மகள் பொறியியல் மாணவி. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவி, ஒரு சனிக்கிழமை இரவு நான்கையும் பிணைத்தாள். எனக்குக் கணக்கு வராது என்பதால் இப்படிச் சொல்லிக் கொடுத்தாள்: மூன்று டிஸ்க்குகளில் 4, 7, 2 என்று எண்கள் இருக்கின்றன. நான்காவதில் கூட்டுத்தொகை 13. ஏழு இருந்த டிஸ்க் செத்தால், பதிமூன்றிலிருந்து மற்ற இரண்டையும் கழித்து ஏழைத் திரும்பப் பெறலாம். இயந்திரம் போடும் கணக்கு சற்று வேறு, தத்துவம் இதுதான். கூட்டுத்தொகையையும் ஒரே டிஸ்க்கில் வைக்காமல் நான்கிலும் மாற்றி மாற்றி எழுதும். 8 டெராபைட்டுக்குப் பணம் கொடுத்தால் 6 கிடைக்கும். மீதி இரண்டு காப்பீட்டுத் தவணை மாதிரி.

முதல் ஒழுங்குபடுத்தலுக்கே ஐந்து மணி நேரம் பிடித்தது. திரையில் சதவீதம் ஊர்வதைப் பார்த்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். காலையில் மகள் கம்ப்யூட்டரை அணைத்து, ஒரு டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் போட்டாள். அம்மாவின் குரல் தடங்கலில்லாமல் வந்தது. இனி கவலையில்லை என்று மெமரி கார்டை அழித்து வேறு பேட்டிக்குப் பயன்படுத்தினேன்.

மூன்று வாரம் கழித்து வீட்டைச் சுத்தம் செய்வதுபோலக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய இறங்கினேன். யூனிகோட் பரவுவதற்கு முன் நான் தட்டச்சு செய்தவையெல்லாம் ஆளுக்கொரு எழுத்துருவில் இருந்தன. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, 'பழையவை' என்ற ஃபோல்டரை ஒரே கட்டளையில் அழித்தேன். அம்மாவின் பதிவுகளையும் என்றோ அதற்குள்தான் போட்டு வைத்திருந்தேன் என்பது அழித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. நான்கு டிஸ்க்குகளும் நான் சொன்னதை ஒரே நொடியில் ஒற்றுமையாகச் செய்து முடித்திருந்தன. டிஸ்க்கின் சாவிலிருந்து காப்பாற்றும் ஏற்பாடு அது. என் கையிலிருந்து காப்பாற்றாது. திருட்டு, தீ, வைரஸ் எதிலிருந்தும் காப்பாற்றாது.

அன்றிரவு அழுதுகொண்டே அக்காவுக்குப் போன் செய்தேன். "அதுக்கு எதுக்கு அழுத? ஒரு பொங்கலுக்கு வந்தப்ப எனக்கு ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தியே" என்றாள். கொடுத்தது எனக்கு நினைவே இல்லை. தூக்கம் வராத ராத்திரிகளில் போட்டுக் கேட்பாளாம்.

எம்.ஏ. வகுப்பில் பாடபேதம் படித்தவள் நான். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது பல இடங்களிலிருந்து திரட்டிய சுவடிகளை ஒப்பிட்டுத்தான். ஒரு வீட்டில் செல்லரித்த ஏடு இன்னொரு ஊரில் பிழைத்துக் கிடக்கும். நான்கு சுவடிகளை ஒரே பரணில் அடுக்கியிருந்தால் கறையான் நான்கையும்தான் தின்றிருக்கும். இதை வைத்துப் பரீட்சை எழுதித் தேறிய நான், நேரு பிளேஸுக்குப் போனபோது மறந்துவிட்டேன்.

ரெய்டு ஏற்பாடு இன்றும் ஓடுகிறது. நடுவில் ஒரு டிஸ்க் செத்தது, மாற்றினோம், வேலை நிற்கவில்லை. அதன் பயன் அது. அதோடு மாதம் ஒருமுறை தனி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, இணைப்பைக் கழற்றி அலமாரியில் வைக்கிறேன். பொங்கலுக்குப் பொங்கல் இன்னொன்று பாளையங்கோட்டைக்குப் போகிறது.

அக்கா அதைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டுகிறாள். "உங்க வீட்ல என்னிக்காவது நெஜ ரெய்டு வந்தா?" என்று போன முறை கேட்டேன்.

"வரட்டுமே. அம்மாதான் கிடைப்பா" என்றாள்.