சிவசைலத்துத் தேங்காய்

எங்க கடையத்துக்குப் பக்கத்துல சிவசைலம். அங்கே நல்வாழ்வு ஆசிரமம் நடத்திய மூ. இராமகிருஷ்ணன் சொன்ன வைத்தியம் சுலபம்: அடுப்பை அணை, தேங்காயும் பழமும் தின்னு.

இயற்கை உணவுன்னு பேச்செடுத்தா இப்போ எல்லார் வாயிலும் ‘குடல் கசிவு’. குடலின் உள்தோல் ஒரே ஒரு செல் அடுக்குதான். செல்களுக்கு நடுவிலுள்ள பிணைப்பு தளர்ந்தால் வேண்டாததெல்லாம் உள்ளே நுழையும். சீலியாக், குரோன் நோய்களில் இப்படிக் கசிவதைப் பார்த்திருக்கிறார்கள். மூட்டுவலி, முடி கொட்டுவது எல்லாத்துக்கும் இதுவே காரணம்னு பவுடர் விற்கிறது வெறும் வியாபாரம்.

பழத்திலுள்ள நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியா நொதிக்க வைத்தால் பியூட்டிரேட் உண்டாகும். அங்குள்ள செல்களுக்கு அதுதான் தீனி. அந்த வகையில் பழத்தட்டில் விஷயம் இருக்கு. ஆனா சர்க்கரைக்காரர் மாத்திரையை நிறுத்திட்டு வாழைத்தாரோடு உட்கார்ந்தா நான் சண்டைக்கு வருவேன்.

எனக்குக் காலையில் தேங்காய்ச் சில்லு, நாட்டுப்பழம். மதியம் சோறுதான். வீட்டில் சொதி வைக்கிற அன்னிக்கு இயற்கை உணவுக்கு லீவு.