இழுவைக் கயிறு

பட்டினப்பாலையைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ஓரிடத்தில் சற்று நின்றுதான் செல்வார். உப்பை விற்று நெல்லைப் பெற்று வந்த படகுகள் காவிரிப்பூம்பட்டினத்தின் கழிக்கரையில் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும் இடம் அது. கொட்டிலில் பிணித்த குதிரைகளைப் போல் அவை நின்றன என்பது கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் உவமை. நானும் அவ்விடத்தில் பல ஆண்டுகள் நின்றவன்தான். ஒருமுறை இலக்கிய வகுப்பில் மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, படகுக்குக் கால் இல்லையே, குதிரை எப்படி உவமையாகும்?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. இரண்டும் பாரம் சுமப்பவை, கட்டி வைத்தாலும் அசையாமல் நிற்க மாட்டாதவை என்று விடை கூறினேன். அவனுக்கு அந்த விடை போதுமாக இருந்தது. எனக்குத்தான் போதவில்லை. அவ்வாறு வரிசையாகக் கட்டப்பட்டு ஓதத்தில் அசைந்துகொண்டிருந்த படகுகளை நான் சிறு வயது முதற்கொண்டு பார்த்திருக்கிறேன். அவற்றின் வயிற்றுக்குள் என் தந்தை உழைத்தார். அதனை அந்த வகுப்பில் நான் சொல்லவில்லை.

நான் வளர்ந்த ஊர் பண்டமாரான். கிள்ளான் நகரிலிருந்து துறைமுகம் செல்லும் வழியில், அவசரகாலத்தின்போது சீனக் குடும்பங்களைக் குடியமர்த்திய புதுக்கிராமங்களுள் அதுவும் ஒன்று. அதனை ஒட்டித் துறைமுக வேலையை நம்பிய தமிழ்க் குடும்பங்கள் சில வாழ்ந்தன. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. இரவில் கப்பலின் ஊதல் கேட்டால் அம்மா எழுந்து அடுப்பு மூட்டிவிடுவார். விடியுமுன் அப்பா தூக்குச்சட்டியை மிதிவண்டியில் மாட்டிக்கொண்டு புறப்படுவார். இடுப்பில் செருகிய இரும்புக் கொக்கி ஒன்றே அவருடைய தொழிற்கருவி.

அன்று அத்துறைமுகத்தின் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். 1972இல்தான் அது போர்ட் கிள்ளான் ஆயிற்று. பெருங்கப்பல்கள் பல, கரையை அணுகாமல் நீரிணையிலேயே நங்கூரமிட்டு நிற்கும். அவற்றின் சரக்கை இறக்கிக் கரை சேர்க்கவும், கரையிலிருந்து ரப்பரையும் ஈயத்தையும் கொண்டு சென்று ஏற்றவும் தொங்காங்குகள் வேண்டும். தொங்காங் என்பது அகன்ற வயிறு கொண்ட மரத்தோணி. அதற்கு இயந்திரம் கிடையாது. லாஞ்சு எனப்படும் சிறிய இழுவைப் படகு ஒன்று, இரண்டு மூன்று தொங்காங்குகளைத் தடித்த கயிற்றால் பிணித்து, ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துச் செல்லும். அப்பா வேலைக்குச் சேர்ந்த 1938ஆம் ஆண்டில் நீராவி லாஞ்சுகளையும் பார்த்ததாகச் சொல்வார். நான் பார்த்தவை எல்லாம் டீசல் குடித்துக் கரும்புகை கக்கியவை.

கப்பலின் விஞ்சு அரிசி மூட்டைகளை வலையில் கட்டித் தூக்கும். தொங்காங்கின் அடித்தளத்தில் நிற்பவர்களின் தலைக்கு மேலே அது ஆடும். மேலிருக்கும் ஆள் “ஆரியா! ஆரியா!” என்று கூவினால் வலை மெல்ல இறங்கும். நான் தமிழ் படிக்கத் தொடங்கிய புதிதில் அந்தச் சொல்லுக்கு என்னென்னவோ பொருள் கற்பித்துப் பார்த்தேன். உண்மையில் அது போர்த்துகீசிய மாலுமிகள் வழிவந்த சொல். இறக்கு என்பதே பொருள். மலாயரும் சீனரும் தமிழரும் அந்த ஒரு சொல்லால் ஒருவரையொருவர் புரிந்துகொண்டனர். பஃறி, அம்பி, திமில், நாவாய், வங்கம் என்று படகுக்கும் கப்பலுக்கும் எத்தனையோ பெயர்களை நாம் மனப்பாடம் செய்விக்கிறோம். அப்பாவின் வாயில் வழங்கிய சொற்களில் ஒன்றுகூட அவ்வரிசையில் இல்லை.

கிள்ளான் ஆற்றின் வரலாறே ஒரு வகையில் படகின் வரலாறுதான். 1857ஆம் ஆண்டு கிள்ளானிலிருந்து 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் இவ்வாற்றின் வழியே மேலேறிச் சென்று, கோம்பாக் ஆறு வந்து கூடும் இடத்தில் இறங்கினர். அம்பாங் காட்டில் ஈயம் தேடிய அவர்களுள் ஒரு மாதத்திற்குப் பின் எஞ்சியவர் 18 பேரே என்பர். மற்றவர்களைக் காய்ச்சல் கொண்டு போயிற்று. அவர்கள் இறங்கிய சேற்றுக்கரையே கோலாலம்பூர். 1879இல் இசபெல்லா பேர்ட் என்னும் ஆங்கிலப் பயண எழுத்தாளர் ரெயின்போ என்ற சிறு நீராவிக் கப்பலில் கிள்ளானுக்கு வந்தார். அக்காலத்தில் படகுகள் டாமன்சாரா வரை ஆற்றில் ஏறும். அதற்கப்பால் வண்டிப்பாதை. 1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் மேல் ஆற்றுப் படகுகளின் காலம் முடிந்தது. 1901 செப்டம்பரில் ஆற்றின் வாயருகே புதிய துறைமுகம் திறந்தபோது கிள்ளான் நகரின் ஆற்றுத்துறையும் தன் முதன்மையை இழந்தது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியாவால் அத்துறைமுகம் மூடப்பட்டதும், மருத்துவர் மால்கம் வாட்சனின் அறிவுரைப்படி சதுப்பை வடித்துக் காட்டை அழித்த பின்னரே அது பிழைத்ததும் பலர் அறிந்த செய்திகள். சதுப்பை வெட்டியவர்கள் யார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

இனி, சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1961இல் தமிழ்ப்பள்ளியை முடித்துப் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். சேர்க்கைத் தாளில் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டிய தாள் அது. என் முன்னே நின்ற சிறுவன் ‘கிளார்க்’ என்று எழுதியதைப் பார்த்தேன். நானும் அவ்வாறே எழுதினேன். அப்பா கீழே தமிழில் கையொப்பமிட்டார். “என்ன தம்பி எழுதியிருக்க?” என்று கேட்டார். “துறைமுகத்தில வேலைன்னு எழுதியிருக்கேன்பா” என்றேன். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. அவர் தலையசைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1966இல், இழுவைக் கயிறு அறுந்தது. மூன்று தொங்காங்குகளும் நிறைந்த பாரத்தோடு வந்துகொண்டிருந்தன. இறங்கு ஓதம். லாஞ்சு எதிர்த்து இழுத்தபோது பழைய கயிறு தாங்கவில்லை. அறுந்த முனை சாட்டையைப் போல் திரும்பி வந்து, சாக்கின்மேல் அமர்ந்திருந்த அப்பாவின் இடது முழங்காலை அடித்தது. சுக்கான் பிடித்திருந்த சீனப் பெரியவர் பாய்ந்து இழுத்திராவிட்டால் அவர் ஆற்றுக்குள் போயிருப்பார். நாங்கள் ஆ பேக் என்று அழைத்த அப்பெரியவர்தாம் அப்பாவை முச்சக்கர வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். குத்தகைக்காரர் இரண்டு வாரக் கூலியை ஓர் உறையில் வைத்து அனுப்பினார். அத்துடன் அவர் கணக்கு முடிந்தது. அப்பா மூன்று மாதத்தில் மீண்டும் வேலைக்குப் போனார். அதன்பின் அவர் நடையில் ஒரு சாய்வு இருந்தது.

1973இல் முதன்முதலாகக் கொள்கலன் கப்பல் எங்கள் துறைமுகத்திற்கு வந்தது. பெட்டியோடு இறக்கிப் பெட்டியோடு ஏற்றும் முறை. மூட்டையைத் தொட்டுத் தூக்க ஆள் வேண்டியதில்லை. அடுத்த ஆண்டே அப்பா வேலையை விட்டார். அன்று மாலை வீட்டுக்கு வந்து, கொக்கியைக் கூரைச் சட்டத்தில் மாட்டினார். நான் அப்போது ஆசிரியப் பணியில் இருந்தேன். என்னைப் பார்த்து, “இன்னையோட கிராணி வேலை முடிஞ்சிருச்சு தம்பி” என்றார்.

அவர் முகத்தில் கோபம் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். 13 ஆண்டுகளாக அறிந்திருக்கிறார். யார் சொன்னாரோ, எப்போது சொன்னாரோ, நான் கேட்கவில்லை. கேட்க வாயெழவில்லை என்பதே சரி. 1989இல் அவர் மறைந்தார்.

2011ஆம் ஆண்டு, பணி ஓய்வுக்குப் பின், ஜெர்மனியில் டூசல்டோர்ஃப் நகரில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கச் சென்றேன். அருகிலுள்ள டூயிஸ்பர்க்கில் உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்திற்கென்றே ஒரு காட்சியகம் இருப்பதை அறிந்து மகள் அழைத்துச் சென்றாள். ரூர் ஆறு ரைனில் கலக்கும் ரூரோர்ட் பகுதியில், பழைய நீச்சல் மாளிகை ஒன்றையே காட்சியகமாக்கியிருக்கிறார்கள். ஆண்கள் நீந்திய மண்டபத்தில் இப்போது பாய்மரச் சரக்குப் படகு ஒன்று முழுதாக நிற்கிறது. குளத்துக்குள் ஆளுக்குப் பதில் படகை இறக்கி வைத்த அந்தக் குறும்பை நான் மிகவும் சுவைத்தேன்.

அங்கு அறிந்தவற்றை எல்லாம் எழுத இடமில்லை. ரைன் ஆற்றில் நீராவிப் படகு கொலோன் நகரை எட்டியது 1816இல். அதற்கு முன்னும், அதற்குப் பின் நெடுங்காலமும், எதிர்நீரில் செல்லும் படகுகளைக் கரையோரம் நடக்கும் குதிரைகளே இழுத்தன. குதிரை கிடைக்காத இடத்தில் மனிதர் இழுத்தனர். 1840களில் நீராவி இழுவைப் படகுகள் நிலக்கரிப் படகுகளை இழுக்கத் தொடங்கியதும் குதிரைக்காரர்கள் பிழைப்பிழந்தனர். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது நடு ரைன் பகுதியில் அவர்கள் இழுவைப் படகுகளை நோக்கிச் சுட்டதும் உண்டு. எங்கள் தொங்காங்குக்காரர்கள் யாரையும் சுடவில்லை. ஒருவர் சாலையோரம் பலகாரக் கடை வைத்தார். ஆ பேக் மகன் வீட்டில் கோழி வளர்த்தார். அப்பா கொக்கியை மாட்டி வைத்தார்.

எல்பா ஆற்றிலும் நெக்கர் ஆற்றிலும் கையாண்ட முறை இன்னும் விந்தையானது. ஆற்றின் அடியில் பல நூறு கிலோமீட்டர் நீளத்திற்கு இரும்புச் சங்கிலியைக் கிடத்தினார்கள். நீராவிப் படகு அதனை முன்பக்கம் எடுத்து, உருளையில் சுற்றித் தன்னை முன்னே இழுத்துக்கொண்டு, பின்பக்கம் மீண்டும் ஆற்றில் விட்டுவிட்டுச் செல்லும். எல்பாவில் 1866இல் தொடங்கிய இம்முறை, நெக்கரில் 1878இல் வந்து 1935 வரை நடந்தது. நெக்கர்ப் படகை மக்கள் ‘நெக்கர்க் கழுதை’ என்று அழைத்தனர். அதன் ஊதல் கழுதை கத்துவது போல் இருந்ததாம். 1957இல் ரைனில் படகுகளை இழுக்காமல் பின்னின்று தள்ளும் கலம் ஒன்று வந்தபோது அதற்கு இட்ட பெயர் ‘நீர் எருமை’. படகுக்கு விலங்கை உவமை கூறுவதில் ஜெர்மானியர் உருத்திரங்கண்ணனாருக்குப் பின்வாங்கியவர் அல்லர். அந்த மாணவன் அருகில் இருந்தால் காட்டியிருப்பேன்.

துறையில் ‘ஓஸ்கார் ஹூபர்’ என்னும் நீராவி இழுவைக் கப்பல் கட்டப்பட்டிருக்கிறது. 1922இல் கட்டப்பட்டு 1966 வரை ரைனில் உழைத்தது. அவ்வகைச் சக்கர இழுவைக் கப்பல்களுள் அவ்வாற்றில் எஞ்சியிருப்பது அது ஒன்றே. ஏறத்தாழ 75 மீட்டர் நீளம். இருபுறமும் வீட்டளவு சக்கரங்கள். 1966 என்ற எண்ணைப் பலகையில் கண்டதும் என் கால்கள் தாமாக நின்றன.

கப்பலின் பின்தளத்திற்குச் சென்றேன். அங்கே குறுக்குவாட்டில் வில்லைப் போல் வளைந்த இரும்புச் சட்டங்கள், ஆள் உயரத்திற்கு மேலாக நிறுத்தப்பட்டிருந்தன. அவை எதற்கு என்று மகள் அங்கிருந்த முதியவரிடம் ஜெர்மன் மொழியில் கேட்டாள். அவர் இரு கைகளாலும் நடித்துக் காட்டினார். இழுவைக் கம்பிகள் அச்சட்டங்களின்மேல் கிடந்து, படகு திரும்பும்போது இப்பக்கமும் அப்பக்கமும் வழுக்கிச் செல்லுமாம். கீழே நடமாடும் ஆட்கள்மேல் படாதாம். பிறகு தம் முழங்காலைத் தொட்டுக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். மகள் மொழிபெயர்க்க வாயெடுத்தாள். வேண்டாம் என்று கையமர்த்தினேன்.

அச்சட்டங்கள் இழுக்கும் கப்பலில் உள்ளவரைக் காப்பவை. பின்னால் இழுபடும் படகில் சாக்கின்மேல் அமர்ந்திருப்பவரை அவையும் காத்திரா. இதனை நான் அறியாமலில்லை. ஆயினும் ஒரு கயிறு எங்கே போகும், யார்மேல் படும் என்று முன்கூட்டி எண்ணிப் பார்த்து, அதற்கென்று இரும்பை வளைத்து வைத்த ஒருவன் எங்கோ இருந்திருக்கிறான் என்பதே என்னை அங்கு நெடுநேரம் நிற்க வைத்தது. எங்கள் குத்தகைக்காரர் புதுக்கயிறு வாங்கியிருந்தால் போதும்.

ஊர் திரும்பிய பின், அப்பாவின் கொக்கியைத் தேடினேன். வீடு புதுப்பித்தபோது பழைய இரும்போடு போய்விட்டது என்றார் தம்பி. கிள்ளான் பெங்காலான் பத்துக்குச் சென்று பார்த்தேன். ஆறு காப்பி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தொங்காங் ஒன்றும் கண்ணில் படவில்லை. பெருங்கப்பல்கள் நங்கூரமிட்ட நீரிணைக்கு அப்பால், அன்று பூலாவ் லூமுட் என்றும் இன்று பூலாவ் இண்டா என்றும் வழங்கும் தீவில், 1990களில் எழுந்த மேற்குத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வானத்தைத் தொட்டு நிற்கின்றன. அவற்றின் கீழே “ஆரியா” என்று கூவ எவரும் இல்லை.

என் பழைய பள்ளிச் சான்றுகள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. அவற்றோடு அந்தச் சேர்க்கைத் தாளின் படி ஒன்றும் இருக்கிறது. தட்டச்சு செய்த ஆங்கிலக் கட்டங்கள், என் கையெழுத்தில் கிளார்க் என்னும் சொல், கீழே அப்பாவின் தமிழ்க் கையொப்பம். சென்ற மாதம் பேரன் அதனை எடுத்துப் பார்த்து, “தாத்தா, கொள்ளுத் தாத்தா ஆபீசுலயா வேல செஞ்சாரு?” என்று கேட்டான். இல்லை என்று சொல்லி, பென்சில் கொண்டுவரச் சொன்னேன்.