சித்திரத்தில் இல்லாதவர்கள்

யுத்தப் படக்கதை படிப்பது சிறுபிள்ளைத்தனம் என்னும் பெரியோர் நம்மிடையே உண்டு. நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து டி. சி. தாம்சன் கம்பெனியார் 1961 முதல் வெளியிட்டுவரும் ‘கமாண்டோ’ என்னும் சட்டைப்பைப் புத்தகங்களை இன்றும் விரும்பிப் படிக்கிறவன். அண்மையில் பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய ஓர் இதழைக் கிள்ளான் ரயிலிலேயே படித்து முடித்தேன். சயாம் காடு, முகத்தில் கரி பூசிய நால்வர் நள்ளிரவில் ஆற்றைக் கடக்கின்றனர், முள்வேலியை அறுத்து, ஓசையின்றிக் காவலனை வீழ்த்தி, சிறைப்பட்ட அதிகாரியை மீட்டுச் செல்கின்றனர். ஒரு சுள்ளி முறியும் ஓசைக்கு ஒரு கட்டம் முழுவதையும் கொடுத்திருக்கிறான் சித்திரக்காரன். கெட்டிக்காரன்தான்!

இவையெல்லாம் வெறுங்கற்பனை என்று தள்ளவும் இயலாது. 1945 ஜனவரி 30ஆம் நாள் இரவு, பிலிப்பைன்ஸ் தீவில் கபானாத்துவான் முகாமிலிருந்து 500க்கு மேற்பட்ட கைதிகளை அமெரிக்கப் படையினர் மீட்டனர். மறைவற்ற வெளியை வயிற்றால் ஊர்ந்து கடந்தனர். காவலர் கண் வானத்திலேயே இருக்கட்டும் என்று ஒரு விமானத்தைத் தலைக்கு மேல் வட்டமிடச் செய்தனர். நடக்கமாட்டாத கைதிகளைச் சுமந்தவையோ அவ்வூர்க் குடியானவரின் எருமை வண்டிகள். அந்த வண்டிக்காரரிடம் எனக்கு வீரரைவிட மதிப்பு அதிகம்.

ஆனால் தோழர்களே, சயாம் காட்டில் இருந்தவர் அதிகாரிகள் மட்டுந்தானா? 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர் ரயில்பாதையில், ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் முதலிய கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் உழைத்தனர். 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியக் கூலிகளோ அவர்களைப்போல் மும்மடங்கு, அதற்கு மேலும் என்பர். அவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர். ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் அற்ற காலம். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்ற சொல்லை நம்பி ஏறியவரும் உண்டு. பிடித்து ஏற்றப்பட்டவரும் உண்டு. கைதிகளிடையே இராணுவ வைத்தியர் இருந்தனர்; நம்மவரிடையே காலரா புகுந்தபோது தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று சொல்லவும் பெரும்பாலும் ஆளில்லை. கைதிகள் பலருக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறை உண்டு. நம்மவருக்குக் காடுதான்.

உண்மையில் அந்த முகாம்களுக்கு எந்த நால்வரும் கரி பூசி வந்ததில்லை. கைதிகளுக்கும் விடிவு 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பின்னரே. ஆயினும் படக்கதை அந்த அதிகாரிக்குப் பொய்யாகவேனும் ஒரு மீட்பைக் கற்பித்துக் கொடுக்கிறது. நம் மனிதனுக்கு அந்தப் பொய்கூடக் கிட்டவில்லை. நான் படித்த இதழில் ஒரு மூலையில், மண்வெட்டியோடு குனிந்த முதுகாகக்கூட அவன் இல்லை.

டண்டீக்காரரைக் குறைகூறிப் பயனென்ன? அவர்கள் தம் மக்களை வரைந்தார்கள். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் தூரிகை பிடிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் எத்தனையோ பேர். முதற்கட்டத்தில் எதை வரைவது என்று அவர்கள் கேட்டால் சொல்வேன்: லயன் வீட்டுச் சுவரில் நாளொன்றுக்கு ஒரு கரிக்கோடு போட்டு, தொண்ணூறாவது கோட்டின்முன் நிற்கும் ஒரு பெண்ணை.