அட்டையில் அடைக்காய்

மாட்டுங்கா வீட்டுப் பால்கனியில் மூன்று வருடமாக நிற்கும் செடியை அம்மா ‘ஏமாத்துக்காரி’ என்றுதான் சொல்வாள். அவள் கேட்டது பாக்குச் செடி. ‘அரேகா’ என்று அட்டை குத்தியிருக்கிறதே என்று நான் வாங்கிவந்தது, மஞ்சள் காம்போடு புதர்கட்டி வளரும் மடகாஸ்கர்க்காரி. கொட்டைப்பாக்கு அதில் ஜென்மத்துக்கும் காய்க்காது. வேடிக்கை என்னவென்றால், அரேகா என்ற சொல்லே நம் அடைக்காய்தான். மலையாளக் கரையில் போர்த்துக்கீசியர் காதில் விழுந்து, தாவரவியலுக்குள் நுழைந்து, கடைசியில் பாக்கே இல்லாத செடியின் கழுத்தில் தொங்குகிறது. கடைக்காரரைத் திட்டவும் முடியாது. உலகம் முழுக்க வியாபாரத்தில் அதற்கு அந்தப் பெயர்தான்.

இந்த முறை செம்பூரில் ஒரு சாலையோர நர்சரி. செடிகளைச் சின்னப் பையிலிருந்து பெரிய பைக்கு மாற்றிக்கொண்டிருந்தவர் தாராவியிலிருந்து வருகிறவர், சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். “அண்ணாச்சி, பாக்கு இருக்கா?” என்றதும் நிமிர்ந்தார். நாலு பைகளை எடுத்து என் முன்னால் வரிசையாக வைத்தார்.

“எது எதுன்னு சொல்லுங்க, பாப்போம்.”

இரண்டில், இரட்டைவால் குருவியின் வால் போலப் பிளந்த ஒற்றை ஓலை. ஒன்றில் கிழியாத அகல ஓலை. நாலாவது வெறும் புல். தென்னை எது என்பது மட்டும் தெரிந்தது, அதுவும் தேங்காய் வெளியே துருத்திக்கொண்டிருந்ததால். புல் என்று நான் ஒதுக்கியது ஈச்சை. “பனையும் மொளைக்கும்போது இப்படித்தான் தம்பி.” தொல்காப்பியர் புறத்தே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்று சொல்லாமல் புல் என்றது நினைவுக்கு வந்தது. அவர் காரணம் வேறு, ஆனாலும் அண்ணாச்சியோடு ஒத்துப்போயிருப்பார்.

கொஞ்சம் வளர்ந்த செடியென்றால் விரலே போதுமாம். ஈச்சை ஓலையின் ஒவ்வொரு இதழும் வாய்க்கால் போல மேல்நோக்கி மடிந்திருக்கிறது. தென்னையிலும் கமுகிலும் கூரை போலக் கவிழ்ந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தடவச் சொன்னார். தெரிந்தது.

அட்டைகளை எழுதுவது முதலாளி வீட்டுப் பையன். தண்ணீர் பீய்ச்சும்போது கீழே விழுபவை எந்தத் தொட்டி பக்கத்திலிருக்கிறதோ அதில் ஏறிவிடும். ஆனால் விழாத அட்டையையும் நம்புவதற்கில்லை. அடுத்த வரிசையில் ‘பாட்டில் பாம்’ என்று நின்றவை ராயல் பாம் கன்றுகள். உண்மையான பாட்டில் பனை மொரீஷியஸ் பக்கத்து ரவுண்ட் தீவின் குள்ளன். தொந்தியோடு மெதுவாக வளர்வது. ராயல் பாம் கரீபியக் கரைக்காரன். இளமையில் அதற்கும் அடி பருக்கும், அதனால்தான் குழப்பம். ஆனால் 60 அடியைத் தாண்டும், கனத்த மட்டையைத் தொப்பென்று போடும். அதை மின்கம்பிக்கு அடியில் நட்ட ஹவுசிங் சொசைட்டிகளை எனக்கே தெரியும். பேரீச்சை இன்னொரு சூதாட்டம். விதையில் முளைத்தது ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை வெளியே தெரியாது. ஆண் என்றால் பழம் கிடையாது.

“அப்ப பாக்கை எப்படி நம்பறது, அண்ணாச்சி?”

வாலோலைக் கன்றுகளில் ஒன்றை இழுத்து, தண்டின் அடியில் சுண்டுவிரலால் மண்ணைக் கிளறினார். நார் சிலிர்த்த பழைய பாக்கு, மட்காமல், கன்றோடு ஒட்டியே இருந்தது. “ஆத்தா கூடவே இருக்கா பாருங்க. இதவிட என்ன அட்டை?” மற்றதையும் கிளறினார். அதன் அடியில் இருந்தது வேறு ஏதோ சின்ன விதை.

தொட்டி கும்பார்வாடாவில் வாங்கினேன். பூந்தொட்டிக்கு மராத்தியில் உள்ள பெயர் தமிழ்க் காதில் கெட்ட வார்த்தையாக விழும்; இருபது வருடமாகியும் அதைச் சத்தமாகச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வழக்கம்போலக் கையைத்தான் காட்டினேன்.

அம்மா கன்றை மேலும் கீழும் பார்த்தாள். அட்டை இல்லாததைக் கவனித்தாள். விஷயத்தைச் சொன்னதும் நேராக மண்ணுக்குள் விரலை விட்டாள்.