ஏழு கடிதங்கள்

சென்ற தவக்காலத்தில் ஒருநாள், மாலைத் திருப்பலி முடிந்து கோவில் கதவுகளைச் சாத்தும் நேரத்தில் பங்கைச் சேர்ந்த ஒருவர் என்னைத் தேடி வந்தார். நூற்பாலை ஒன்றின் தலைமை நிர்வாகி. வழக்கமாகச் சுற்றி வளைக்காமல் பேசும் மனிதர், அன்று அறைக்குள் வந்து அமர்ந்தும் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பின்னர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன.

"இவர்களை அனுப்பாவிட்டால் ஆலையையே மூட வேண்டியிருக்கும், சாமி. அனுப்பினால் மற்றவர்கள் பிழைப்பார்கள். கணக்கு எனக்குத் தெரியும். இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் தெரியவில்லை."

நான் ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பினேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை; நினைவில் வைக்கத் தக்கதாக அது இருந்திருக்காது. அவர் பேசிக்கொண்டிருந்தபோதே என் மனம் வேறோர் அறைக்குப் போய்விட்டிருந்தது.

2003-ஆம் ஆண்டு. குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த என்னிடம் ஓர் அச்சகத்தின் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிடும் பழைய அச்சகம். பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ், திருவிழாத் துண்டறிக்கை என்று ஒரு காலத்தில் ஓயாமல் ஓடிய இயந்திரம், கணினியும் ஆஃப்செட்டும் வந்தபின் வாரத்தில் இரண்டு நாள் ஓடினால் அதிகம். பணியாளர் பதினாறு பேர். அவர்களுள் அச்சுக்கோப்பவர்கள் ஏழு பேர். கடன் ஏறிக்கொண்டே போயிற்று. ஏழு பேரையும் அனுப்பிவிட்டு ஒரு கணினி வாங்குவது என்று முடிவாயிற்று. முடிவு தவறென்று இன்றும் நான் எண்ணவில்லை.

ஆனால் அதை நான் செய்த விதம்! குருத்துவக் கல்லூரியில், 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலைபற்றி வெளியிட்ட சுற்றுமடலைக் குறித்துப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். அந்த நான், புதுக் கணினியிலேயே ஏழு கடிதங்களைத் தட்டச்சு செய்து, மூன்று மாதச் சம்பளத்தோடு உறையிலிட்டு, சனிக்கிழமை மாலை கொடுத்துவிடும்படி எழுத்தரிடம் சொல்லிவிட்டு, தியானம் கொடுக்க வெளியூர் சென்றுவிட்டேன். திங்களன்று திரும்பியபோது எழுத்துப் பெட்டிகளின் முன் ஏழு முக்காலிகளும் வெறுமையாக இருந்தன. எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆலை நிர்வாகி வந்துபோனபின், இத்தகைய சுமையைச் சுமந்தவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். என்னை விடாமல் பற்றிக்கொண்டவர் ஜப்பானியரான கசுவோ இனமோரி. 1932-இல் ககோஷிமாவில் பிறந்தவர். நம் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார், 1549-இல் ஜப்பானில் முதன்முதலாகக் கரையிறங்கிய அதே ஊர்.

1959-இல் இனமோரி கியோட்டோவில் பீங்கான் பொருள்கள் செய்யும் சிறு நிறுவனமொன்றைத் தொடங்கினார். இன்று கியோசெரா என உலகறிந்த நிறுவனம் அது. 1961-இல் பதினோர் இளந்தொழிலாளர்கள் அவர்முன் வந்து, ஊதிய உயர்வுக்கு உறுதி தராவிட்டால் விலகிவிடுவோம் என்றார்கள். தொடங்கி இரண்டே ஆண்டுகளான நிறுவனத்தால் அந்த உறுதியைத் தர இயலாது. அவர்களைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று மூன்று நாள் இரவு பகலாகப் பேசினார். பதினொருவரும் தங்கினர். ஆனால் அவர் மாறிப்போனார். தம் தொழில்நுட்பத்தை உலகுக்குக் காட்டவே நிறுவனம் தொடங்கியவர், இனி இது பணியாளர் அனைவரின் பொருள்நலத்துக்கும் மனநலத்துக்குமே என்று அதன் நோக்கத்தை மாற்றி எழுதினார்.

1997-இல் புத்த மடமொன்றில் துறவு ஏற்றார். பிச்சையெடுக்கச் சென்ற நாளொன்றில், தெருவில் உதிர்ந்த இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தி ஓடிவந்து ஒரு நாணயத்தை அவருடைய பையில் இட்டாளாம். கோடிகளுக்கு அதிபதியான அவருக்குச் சொல்லொணாத மகிழ்ச்சி தந்தது அந்தக் காசு.

இப்படிப்பட்டவரிடந்தான் 2010-இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு ஜனவரியில் அந்த விமான நிறுவனம் ஏறத்தாழ 2.3 இலட்சம் கோடி யென் கடனோடு நொடித்துப்போயிருந்தது. அரசின் வேண்டுகோளை ஏற்று, 78-ஆம் வயதில், ஊதியம் ஏதும் பெறாமல் தலைமைப் பொறுப்பேற்றார். விமானத் தொழில் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மூத்த நிர்வாகிகள் ஐம்பத்திரண்டு பேரை ஒரு மாதகாலம் வகுப்பில் உட்காரவைத்தார். பொய் சொல்லாதே, பேராசை கொள்ளாதே, மனிதனாக எது சரியோ அதைச் செய் என்பவையே பாடங்கள். பட்டங்கள் பல பெற்றவர்கள் முதலில் உள்ளூர நகைத்தார்கள். ஞாயிறு மறைக்கல்விக்குப் பெரியவர்களை அழைத்துப் பார்த்த எந்தப் பங்குத்தந்தைக்கும் அந்த நகைப்பு பழக்கமானதே! மெல்ல மெல்ல அவர்கள் செவிசாய்த்தார்கள். மாதக் கணக்கில் காலந்தாழ்ந்து வந்த வரவுசெலவு, ஒவ்வொரு விமானப் பயணத்துக்கும் மறுநாளே தெரியலாயிற்று. சிறுசிறு குழுக்களாகப் பிரிந்து தத்தம் கணக்கைத் தாமே பார்த்தார்கள். 2011 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 18,840 கோடி யென் செயல்பாட்டு இலாபம். 2012 செப்டம்பரில் நிறுவனம் மீண்டும் பங்குச் சந்தைக்குத் திரும்பியது.

புகழ்பாடும் கட்டுரைகள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. ஆனால் ஏறத்தாழ 48,000 பேர் இருந்த இடத்தில் 32,000 பேர் ஆயினர். பணியாளர் நலமே நோக்கம் என்று எழுதிய அதே மனிதரின் தலைமையில் மூன்றில் ஒருவர் வெளியேறினர். மிகப் பலர் தாமே விருப்ப ஓய்வு பெற்றனர். 2010 டிசம்பர் 31 அன்று விமானிகளும் பணிப்பெண்களுமாக 165 பேர் விருப்பத்துக்கு மாறாக நீக்கப்பட்டனர். அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். இலாபம் வந்த ஆண்டில் எங்களை நீக்கியது ஏன் என்பது அவர்களுடைய கேள்வி. மறுசீரமைப்புக்கு அது தேவைப்பட்டது என்று நீதிமன்றங்கள் ஏற்றன. 2015-இல் உச்ச நீதிமன்றமும் அவர்களுடைய முறையீட்டைத் தள்ளியது.

சட்டம் முடித்துவிட்ட அந்தக் கேள்வியை என்னால் முடிக்க இயலவில்லை. 32,000 பேரின் சோற்றைக் காத்தவர் அவர் என்பது உண்மை. ஊதியம் வாங்காமல் உழைத்தார் என்பதும் உண்மை. ஆயினும் அந்த 165 பேருள் ஒருவரது வீட்டில் புத்தாண்டுக் காலை எப்படி விடிந்திருக்கும் என்ற நினைவு வரும்போது அவ்வுண்மைகள் போதவில்லை. 1961-இல் பதினொரு பேருக்காக மூன்று இரவு விழித்திருந்தவர், 16,000 பேருக்காக எத்தனை இரவு விழித்திருக்க முடியும்? ஒருவேளை பெரிய பொறுப்பின் துன்பமே அதுதானோ? எண்ணிக்கை பெருகப் பெருக முகங்கள் பட்டியலாகிவிடுகின்றன. எனக்கோ அந்தச் சாக்கும் இல்லை. என்னிடம் இருந்தவர்கள் ஏழே பேர்.

அந்த ஏழு பேருள் நால்வர் இப்போது உயிரோடு இல்லை. எஞ்சியவர்களுள் மூத்தவரின் வீட்டை விசாரித்துக்கொண்டு ஈஸ்டருக்குப் பின் ஒருநாள் சென்றேன். திண்ணையில் பேத்திக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு எழுந்து, "வாங்க சாமி" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லாததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவர் மறுக்கவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. காபி வந்தது, குடித்தோம்.

புறப்படும்போது வாசல்வரை வந்தவர், "கடிதத்தில் என் தலைப்பெழுத்தைத் தப்பாப் போட்டிருந்தீங்க, சாமி" என்றார். "எங்க அப்பா பேர் சூசை. நீங்க 'ச' போட்டிருந்தீங்க."