பழைய டிராக்டரும் அப்பாவின் கேள்வியும்

பள்ளி, பாடம், தேர்வு என்றே எழுதிவரும் நான் இன்று ஒரு பழைய டிராக்டரைப் பற்றி எழுதப் போகிறேன். ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இதில் என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டா. இறுதிவரை படித்தால் விளங்கும்.

பேராக் மாநிலத்தில் எங்கள் குடும்பத்துக்கு எட்டு ஏக்கர் செம்பனை நிலம் இருக்கிறது. தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த அப்பா, ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமநிதிப் பணத்தில் வாங்கிய நிலம் அது. ஏறக்குறைய 450 மரங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை குலை வெட்டு நடக்கும். ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு டன் அளவுக்குக் குலைகள் இறங்கும். அவற்றையெல்லாம் தம்பிதான் தள்ளுவண்டியில் ஏற்றிச் சாலையோரத்துக்குக் கொண்டு வருவான். நிலத்தில் பாதி சமதளம், மீதி சரிவு. நாற்பது வயதிலேயே அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்த பிறகுதான், ஒரு டிராக்டர் வாங்குவது என்று முடிவு செய்தோம். டிரெய்லரில் குலை ஏற்றலாம், உரம் கொண்டு செல்லலாம், புல்வெட்டியை மாட்டி லாலான் புல்லை ஒழிக்கலாம். புதியது எங்கள் சக்திக்கு மீறியது. ஆகவே பழையதைத் தேடினோம்.

கடந்த ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் தம்பியும் நானும் அப்பாவும் பல இடங்களுக்குச் சென்றோம். அந்த மூன்று வாரங்களில் நான் கற்றுக்கொண்டவற்றை, வாங்க எண்ணுவோருக்குப் பயன்படும் என்பதால் இங்கே குறித்து வைக்கிறேன்.

முதலாவது, பார்க்கச் சென்றவுடன் எஞ்சினின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நாம் வருமுன்பே யாரோ அதை ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் எப்படி உயிர்பெறுகிறது என்பதே உண்மையான சோதனை. தொடங்கும்போது சிறிது வெண்புகை வந்து மறைந்தால் கவலை இல்லை. நீலப் புகை நீடித்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. அளவுகோலை உருவிப் பார்க்கும்போது எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால், அதில் நீர் கலந்திருக்கிறது, அங்கேயே விடைபெற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது, பின்புறத் தூக்குக் கைகளில் கனமான ஒன்றை மாட்டி உயர்த்திவிட்டு, எஞ்சினை நிறுத்திச் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். சுமை விரைந்து இறங்கினால் ஹைட்ராலிக் பகுதி தேய்ந்துவிட்டது.

மூன்றாவது, ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டரை மட்டும் நம்பக்கூடாது. ஓரிடத்தில் மீட்டர் 1,150 மணி என்று காட்டியது. கிளட்ச் மிதியிலோ ரப்பர் முழுவதும் தேய்ந்து இரும்பு பளபளத்தது. வீட்டுப்பாடத்தை யார் செய்தது என்பதைக் கையெழுத்து காட்டிக்கொடுப்பதுபோல, அந்த மிதியும் காட்டிக் கொடுத்துவிட்டது.

இவ்வாறு பார்த்துப் பார்த்துக் கழித்ததில் இரண்டு எஞ்சின.

ஒன்று, ஜப்பானில் பயன்படுத்தப்பட்டு இங்கே இறக்குமதியான 24 குதிரைத்திறன் சிறிய டிராக்டர். புதிதாக வண்ணம் பூசியிருந்தார்கள். விலை 19,000 ரிங்கிட். மற்றொன்று, உள்நாட்டிலேயே விற்கப்பட்டு ஒரே குடும்பத்தின் கையில் இருந்த ஏறக்குறைய 50 குதிரைத்திறன் மாஸி பெர்குசன். வெயிலில் வெளுத்த சிவப்பு, மட்கார்டில் துரு, விலை 26,000 ரிங்கிட்.

தம்பிக்குச் சிறியதன்மேல் ஆசை. "அக்கா, எஞ்சின் சத்தத்தக் கேளு. கடிகாரம் மாதிரி ஓடுது. ஏழாயிரம் மிச்சம்" என்றான். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. எட்டு ஏக்கருக்கு அந்தத் திறன் போதும் என்று விற்பவரும் சொன்னார்.

அதுவரை ஒன்றும் பேசாமல் நின்ற அப்பா, இருக்கையின் பின்னால் வந்து நின்று கேட்டார்: "இது கவுந்தா, அவன் தலைக்கு மேல என்னம்மா இருக்கு?"

ஒன்றுமே இல்லை. வெறும் வானம்தான் இருந்தது.

அப்பா ஏன் கேட்டார் என்பது எனக்கு உடனே விளங்கியது. 1989-இல் நான் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்தில் பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். நாங்கள் மாமா என்று அழைத்த அப்பாவின் நண்பர், டிராக்டரில் சங்கிலி கட்டிப் பால்மரத் தூர் ஒன்றைப் பிடுங்க முயன்றார். சங்கிலி பின் அச்சுக்கு மேலே கட்டப்பட்டிருந்தது. தூர் அசையவில்லை. சக்கரம் சுழல முடியாதபோது டிராக்டரின் முன்பகுதி மேலே எழும்பிப் பின்பக்கமாகக் கவிழ்ந்தது. அவருடைய மகள் என் வகுப்புத் தோழி. மறுநாள் அவளுடைய இருக்கை காலியாக இருந்தது. ஒரு மாதத்திற்குள் அந்தக் குடும்பம் லயத்தைக் காலி செய்துகொண்டு போய்விட்டது.

டிராக்டர் பின்பக்கமாகக் கவிழத் தொடங்கினால், முக்கால் நொடியிலேயே மீட்க முடியாத நிலையை எட்டிவிடும் என்கிறார்கள். ஓட்டுநர் நிலைமையை உணர்ந்து கிளட்சை மிதிப்பதற்கு அந்த நேரம் போதாது. ஆகவேதான் இருக்கைக்குப் பின்னால், தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் இரும்புச் சட்டகம் வேண்டும். சுவீடன் நாட்டில் 1959-ஆம் ஆண்டிலேயே புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். சட்டகம் டிராக்டர் கவிழ்வதைத் தடுக்காது. கவிழ்ந்தாலும் ஓட்டுநருக்கு உயிர்பிழைக்க இடம் விட்டுவைக்கும். அந்த இடத்திற்குள் அவர் இருக்க வேண்டுமானால் இருக்கைப் பட்டையும் அணிய வேண்டும். சட்டகம் இல்லாத டிராக்டரில் பட்டை அணியக்கூடாது. அது ஓட்டுநரை அடியிலேயே கட்டிப்போட்டுவிடும்.

"எந்தப் பட்டறையிலும் குழாயை வளைச்சுப் பத்தவச்சுக் குடுப்பாங்க" என்றார் விற்பவர். இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் உறவினர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டோம். டிராக்டரின் முழு எடையையும் தாங்குமா என்று சோதிக்கப்படாத குழாய் வெறும் மன ஆறுதல்தான் என்றார் அவர். மேலும் ஒன்று சொன்னார். சரிவில் இறங்கும்போது குலை நிறைந்த டிரெய்லர் டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளும். இழுக்கும் வண்டி சுமையைவிட இலேசாக இருந்தால் பிரேக் பிடித்தும் பயனில்லை. இரண்டு பிரேக் மிதிகளையும் இணைக்கும் கொக்கியை மாட்டாமல் இறங்குவதும் ஆபத்து. ஒரு சக்கரம் மட்டும் நின்றால் வண்டி திரும்பிவிடும்.

வெளுத்த சிவப்பு டிராக்டரில் தொழிற்சாலையிலேயே பொருத்திய சட்டகம் இருந்தது. எடையும் இருந்தது. பணம்தான் ஏழாயிரம் குறைந்தது. என் பதினான்கு ஆண்டுக் காரை மாற்றுவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததிலிருந்து அதைக் கொடுத்தேன். கார் இன்னும் ஓடுகிறது. மழைநாளில் மட்டும் சற்றுப் பிடிவாதம் செய்யும்.

தம்பி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. முதல் வெட்டு முடிந்து, குலைகளோடு சரிவில் இறங்கி வந்தவன், இருக்கைப் பட்டையைக் கழற்றிவிட்டு, "கனமா இருக்கிறது நல்லதுதான்க்கா" என்று மட்டும் சொன்னான்.

இப்போது பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வருகிறேன். டிராக்டர் வந்த அன்றே, இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பியின் மகன் மட்கார்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான். எல்லாரும் சிரித்தோம், கைப்பேசியில் படமும் எடுத்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பேரனைத் தூக்கிக் கீழே இறக்கிவிட்டு, "ஓர் இருக்கை, ஓர் ஆள்" என்றார். அவர் சொன்னது சரி. அந்தச் சட்டகம் பட்டை அணிந்து இருக்கையில் இருப்பவருக்கு மட்டுமே உதவும். மட்கார்டில் இருக்கும் குழந்தை ஒரு குலுக்கலில் விழுந்தால், விழும் இடம் பெரிய பின்சக்கரத்தின் முன்னால்தான்.

விடுமுறை முடிந்து வரும் மாணவர்கள், "தாத்தாவோட டிராக்டர்ல போனேன் டீச்சர்" என்று மகிழ்ச்சியோடு சொல்வார்கள். இத்தனை ஆண்டுகளாக நானும், "அப்படியா, கட்டுரையில் எழுது" என்றே சொல்லி வந்திருக்கிறேன். இனி, "எங்கே உட்கார்ந்து போனாய்?" என்று முதலில் கேட்பேன். நீங்களும் கேளுங்கள். பதில் மட்கார்டு என்று வந்தால், அன்று மாலையே அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுங்கள்.