ஒன்றா, ஏழா?

சென்ற மாதம் மூன்று வாரம் நான் ஒன்றும் எழுதவில்லை. உடம்புக்கு என்ன என்று விசாரித்த அன்பர்களுக்கு நன்றி. எனக்கு ஒன்றுமில்லை. என் கம்ப்யூட்டர்தான் படுத்துவிட்டது. அதுவும் அதன் குற்றமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. உங்களில் சிலரிடமும் இப்படி ஒரு பழைய பெட்டி இருக்கும் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

2011-ல் புதுவை அரசுப் பணியில் ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் வாங்கிய கம்ப்யூட்டர் அது. விண்டோஸ் 7. அடுத்த வருடமே என் மனைவி பிறந்து வளர்ந்த வீட்டுக்கு, சேத்தியாத்தோப்புக்கு, குடிவந்துவிட்டோம். பின்கட்டு அறையில் அதை வைத்து, டெலிபோன் கம்பி வழியாக இணையம் வாங்கியிருந்தேன். இந்த ஊரில் அரவை தொடங்கிவிட்டால் கரும்பு வண்டிகள் வரிசை கட்டும். பாரம் உயரமாக இருந்தால் தெருவின் குறுக்கே போகும் கம்பி அறுந்துவிடும். வருடா வருடம் அறுப்பதும் ஒட்டுவதுமாகவே போயிற்று. இந்த முறை, ஒட்டுப் போட இனி கம்பியில் இடமில்லை, ஃபைபருக்கு மாறிவிடுங்கள் என்றார்கள். மாறினேன்.

ஃபைபர் போட வந்த தம்பி, கூடத்துச் சுவரில் வெள்ளைப் பெட்டி ஒன்றை மாட்டினார். அங்கேதான் மின் பலகை இருக்கிறது. மாமனார் காலத்தில் விருத்தாசலத்திலிருந்து வாங்கி வந்த பீங்கான் ஃபியூஸ்கள் இன்னும் அதில் வேலை செய்கின்றன. என் செல்போனில் இணையம் வந்தது. "கம்ப்யூட்டருக்கு?" என்றேன். உள்ளே வந்து பார்த்தவர், "சார், இதுல வைஃபை கிடையாது. இங்கேருந்து ஒயர் இழுத்தா நடுவுல ரெண்டு சுவரைத் துளைக்கணும்" என்றார். ஒன்றரை அடி கனத்தில் மண் சாந்து வைத்துக் கட்டிய சுவர்கள் அவை. ஆணி அடித்தாலே காரை உதிரும். துளைக்க மனம் வரவில்லை. பெங்களூரில் இருக்கும் மகன் போனில், "அப்பா, அதைப் பழைய இரும்புக்குப் போடுங்க. பொங்கலுக்கு வரும்போது புது லேப்டாப் வாங்கிட்டு வர்றேன்" என்றான். பொங்கலுக்கு இரண்டு மாதம் இருந்தது.

என்னால் அவ்வளவு நாள் பொறுக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு.

நான் புதுவை மிஷன் வீதியில் உள்ள கல்வே காலேஜில் பிரெஞ்சில் படித்தவன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் இப்போது பிரான்சில் இருக்கிறான். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அவன் அப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. அவன் கப்பலேறினான், நான் குமாஸ்தா ஆனேன். முதலில் காகிதத்திலும், பிறகு இந்தக் கம்ப்யூட்டரிலும், ஞாயிறுதோறும் ஒரு கடிதம். அவனுக்கு இப்போது காது அநேகமாகக் கேட்பதில்லை. போனில் பேசினால் "என்ன? என்ன?" என்பதோடு சரி. திரையில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்து என் கடிதத்தைப் படிப்பான். செல்போனில் ஒரு கடிதம் அடித்துப் பார்த்தேன். நான் எழுதும் பிரெஞ்சுச் சொல்லை எல்லாம் அது இங்கிலீஷாகத் திருத்திக்கொண்டே வந்தது. விட்டுவிட்டேன். மூன்றாம் ஞாயிறு அவன் மகள் போன் செய்தாள். "மாமா, நீங்கள் இருக்கிறீர்களா என்று அப்பா கேட்கச் சொன்னார்" என்றாள். எங்கள் வயதில் அது விளையாட்டுக் கேள்வி இல்லை.

அன்று மாலையே, காலேஜில் படிக்கும் எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். "தாத்தா, கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. ஒரு சின்னச் சாமான் வாங்கினாப் போதும்" என்றாள். கட்டைவிரல் நகம் அளவு இருந்தது அது. பென்டிரைவ் செருகும் இடத்தில் செருகினால் வைஃபை அலையை வாங்கிக் கொடுக்குமாம். சில நூறு ரூபாய்தான்.

செருகினோம். ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் சாமான் இன்னதென்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல 'டிரைவர்' என்ற நிரல் வேண்டும். அதை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையம் வரவோ டிரைவர் வேண்டும். ஆபீசில் இப்படிப்பட்ட கோப்புகள் பலவற்றைப் பார்த்தவன் நான். அந்தப் பெண் தன் லேப்டாப்பில், சாமான் செய்த கம்பெனியின் தளத்துக்குப் போய், விண்டோஸ் 7-க்கு உரியதைத் தேடி இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து போட்டாள்.

இப்போது வலைகளின் பெயர்கள் திரையில் தெரிந்தன. ஆனால் என் செல்போனில் இரண்டு பெயர் காட்டும் நம் வீட்டுப் பெட்டி, இதில் ஒன்றுதான் காட்டியது. பெட்டி 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் அனுப்புகிறதாம். நாங்கள் வாங்கிய சாமானுக்கு முதலாவது மட்டும்தான் கேட்கும். "அதுவே நல்லது தாத்தா. 5 வேகம்தான், ஆனா சுவரைத் தாண்டினா சுருண்டுடும். 2.4 மெதுவா வந்தாலும் தாண்டி வரும்" என்றாள். புதுவையில் என் தாத்தா ரேடியோவை 'தே.எஸ்.எஃப்' என்பார். கம்பியில்லாத் தந்தி என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம் அது. அதை வைத்திருக்க வருடா வருடம் தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டுவோம். இந்த 2.4-க்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2005-லேயே அரசு சொல்லிவிட்டது.

இனி பாஸ்வேர்டு ஒன்றுதான் பாக்கி. ஃபைபர் தம்பி சொல்லச் சொல்ல நான் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவள் பார்த்து அடித்தாள். தவறு என்றது. மறுபடியும் தவறு. மூன்றாம் முறையும் அதே. "இந்தப் பழைய கம்ப்யூட்டரோட சேர மாட்டேங்குது போல" என்று அவளே சொல்லிவிட்டாள். மகன் சொன்னது சரிதான் என்று எனக்கும் தோன்றிவிட்டது.

எழுந்து போகுமுன், புள்ளி புள்ளியாக மறைந்திருந்த எழுத்துகளைத் தெரியும்படி செய்து இன்னொரு முறை அடித்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கடைசியில் இரண்டு 7.

"அது ஏழு இல்லையம்மா, ஒன்று."

"தாத்தா, இது ஒன்றா? எப்படிப் பார்த்தாலும் ஏழு மாதிரிதானே இருக்கு!"

பிரெஞ்சுப் பள்ளியில் 1 எழுதும்போது கீழிருந்து நீளமாக ஒரு கோடு ஏற்றி, பிறகு இறக்க வேண்டும். அது 7 போல் தெரியும் என்பதால் 7-க்கு இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய 100 ரூபாய் பில்லை 700 என்று படித்துத் திருப்பி அனுப்பினார்கள். அன்று முதல் ஆபீசில் 1-ஐ ஒற்றைக் கோடாகப் போடப் பழகினேன். ஓய்வு பெற்றதும் கை தன் பழைய பள்ளிக்கே திரும்பிவிட்டது போலும்.

இரண்டு 1 அடித்தாள். இணைந்தது. பழசு பழசு என்று நாங்கள் எல்லோரும் கம்ப்யூட்டரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். பழசாக இருந்தது என் கையெழுத்து.

இத்தகைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 7-க்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-டன் நின்றுவிட்டன. ஆகவே பேங்க் வேலை, பென்ஷன் வேலை எதையும் நான் அதில் செய்வதில்லை. புது லேப்டாப் வந்ததும் கடிதமும் அதற்கு மாறலாம். அதுவரை எழுதவும் படிக்கவும் இது போதும். பாஸ்வேர்டை எழுதி வைக்கும்போது, உங்கள் பேரப்பிள்ளை படிக்கும்படி எழுதுங்கள்.

அன்றிரவே நண்பனுக்கு இதை எல்லாம் விவரமாக எழுதினேன். கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சில் 'ஓர்தினாத்தேர்' என்று பெயர். 1955-ல் ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் கொடுத்தது. ஒழுங்கு செய்பவர் என்று பொருள். கோப்புகளை ஒழுங்கு செய்தே காலம் கழித்தவனை ஓர்தினாத்தேர் மூன்று வாரம் காக்க வைத்தது என்று எழுதினேன்.

காலையில் பதில் வந்திருந்தது. நான்கே வரி. கோடு போடாத 7-க்காக வாத்தியாரிடம் நாம் வாங்கிய அடி வீண் போகவில்லை, உன் 1 இன்னும் பிரெஞ்சுக் குடியுரிமையை விடவில்லை என்று எழுதியிருந்தான். கடைசி வரி: "அடுத்த ஞாயிறு தாமதிக்காதே."